உங்கள் மகளின் வாயை நான் அடைக்கவில்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் மகளின் மாமியார் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் மாப்பிள்ளை, உங்கள் மகள் மூவரும் நலம். வழக்கமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிடுவோம். இந்த முறை ஒவ்வொருவராகப் பார்த்து, விசாரித்து, அதன் பிறகே எழுதுகிறேன். அங்கு தாங்களும் ஐயாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா? சந்தேகமாக இருந்தால் முதலில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அப்புறம் மேலே படியுங்கள்.

நான் எத்தனை முறை கூப்பிட்டும் நீங்கள் போனை எடுக்கவில்லை. அது மட்டுமில்லாமல், "உங்க அம்மா என் பொண்ணு வாயை அடைச்சு மூலையில உக்கார வெச்சுட்டு, அவ வேலையையும் சேத்துப் பாக்கறாங்களாமே" என்று உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறீர்கள். வார விடுமுறைக்கு ஊருக்கு வந்த உங்கள் எதிர்வீட்டுப் பெண் சொன்னாளாம். அந்தப் பெண் உங்கள் மகளின் மாணவி, நல்ல பெண், பொய் சொல்லவில்லை. உங்கள் மகள் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் முன்னால் நின்று பாடம் நடத்துகிறேன். அவள் பார்த்தது அத்தனையும் உண்மை. ஆனால் ரயில் கிளம்பிய பிறகு ஓடிவந்து ஏறுகிறவருக்கு அது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தெரியாது அல்லவா, அதனால் புறப்பட்ட இடத்திலிருந்தே சொல்கிறேன்.

உங்கள் மகளுக்குக் குரல் கம்மிக்கொண்டே வந்தது. சளி என்று நினைத்தோம். சளி போனது, கம்மல் போகவில்லை. மருத்துவரிடம் காட்டியதில் குரல்நாணில் சின்னதாகக் கட்டி வந்திருப்பதாகச் சொன்னார். பயப்படும்படியானது எதுவும் இல்லை. ஓயாமல் உரக்கப் பேசுகிறவர்களுக்கு வருவதுதானாம். அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தாகிவிட்டது. பார்த்தீர்களா, இதைப் படித்ததும் எழுந்துவிட்டீர்கள். உட்காருங்கள். எடுத்தாகிவிட்டது என்றுதானே எழுதியிருக்கிறேன். அதன் பிறகு மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். "ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, அது கத்தறத விட மோசம். நான் சொல்ற வரைக்கும் வாய் சாப்பிடறதுக்கு மட்டும்."

இதை ஏன் உங்களிடம் மறைத்தோம் என்று கேட்பீர்கள். நான் மறைக்கச் சொல்லவில்லை. சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறோம், அதில்தான் அவள் பேச்செல்லாம். மருத்துவமனையிலிருந்து வந்த அன்றைக்கு, "உங்க அம்மாவுக்குச் சொல்லிடட்டுமா?" என்று நான் போனை எடுத்தேன். அவள் வேகமாக எழுதினாள்: "வேண்டாம் அத்தை. அம்மா அழுவாங்க. அம்மா அழுதா நான் பேசிடுவேன்." போனைக் கீழே வைத்துவிட்டேன். அதனால்தான் நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் அவள் குறுஞ்செய்தியிலேயே பதில் அனுப்பிவந்தாள். ஒரு தாயாக நீங்கள் இதற்கு என்ன சொல்வீர்களோ எனக்குத் தெரியாது. நான் அந்த வரியை அன்று முழுவதும் அழிக்கவில்லை.

இப்போது கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பருவம் முடிந்ததும்தான் முடிவு செய்வார்கள். நடுவில் நீண்ட விடுப்பு எடுத்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டதாக அந்தக் கல்லூரியில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆகவே பேசாமலே பாடம் நடத்துவது என்று உங்கள் மகள் முடிவு கட்டினாள். எழுதிக் கொடுத்தால் படித்துக்காட்டுகிற செயலி ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து அதைப் பேசவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி, நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பணியில் இருந்தவரை தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் என் குரலைக் கேட்டுத்தான் ஓடினார்கள், நின்றார்கள், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தச் செயலி வாசித்ததைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை. எங்கே மூச்சு விடவேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. அடைப்புக்குறியை எல்லாம் "அடைப்புக்குறி" என்றே வாசித்தது. கேள்வியையும் பதிலையும் ஒரே சாவுக் குரலில் சொன்னது. நான் வெளியே வந்து அவள் கையிலிருந்த தாளை வாங்கி ஒரு பக்கம் வாசித்துக்காட்டினேன். "இப்படிம்மா படிக்கணும். இதுக்குப் போய் ஒரு மிஷினா?" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே பலகையில் எழுதினாள்: "திங்கள்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பணும்."

துறைத் தலைவரிடம் போய் நின்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பாடம் அவங்களோடதா இருக்கணும்னு இருக்கு. குரல் யாரோடதுன்னு எதுவும் இல்ல. ஆனா நான் நடுவுல வந்து பார்ப்பேன். சரியா வரலைன்னா நிறுத்திடுவேன்" என்றார். அப்படித்தான், ஒன்றும் தெரியாத நான், கணினிப் பாடத்துக்கு ஆசிரியை ஆனேன்.

பாடம் என்னவென்றால், மின்னூட்டங்களையும் அவற்றின் மின்னழுத்தத்தையும் கணினிக்குள் உருவாக்குவது. மின்னழுத்தம் என்ற சொல்லைப் பார்த்ததும் நான் உங்கள் ரத்த அழுத்தத்தைத்தான் நினைத்தேன், அது வேறு இது வேறு. முதல் நாள் முதல் வரியே "இன்றைய வகுப்பில் நாம் ஒரு வகுப்பை எழுதப்போகிறோம்" என்று இருந்தது. அவசரத்தில் தப்பாக அடித்திருக்கிறாள் பாவம் என்று எண்ணி, "வகுப்பில் ஒரு பாடத்தை எழுதப்போகிறோம்" என்று நானே திருத்தி வாசித்தேன். அடுத்த வரியில் "இந்த வகுப்புக்கு மூன்று உறுப்புகள்தான்" என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அறை நிறையப் பிள்ளைகள். அப்புறம்தான் விளங்கியது, கணினிக்காரர்கள் அச்சு மாதிரி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு அதற்கு வகுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று. அந்த அச்சிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் வார்த்தெடுக்கலாம். வார்த்தெடுத்ததற்குப் பெயர் பொருள். ஒவ்வொரு மின்னூட்டமும் ஒரு பொருள். அது தான் நிற்கிற இடத்தைக் குறிக்க இரண்டு எண், தன்னிடம் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்பதற்கு ஓர் எண், ஆக மூன்றே மூன்று விவரங்களைத் தனக்குள் வைத்திருக்கும். "இந்த இடத்தில் உன்னால் எவ்வளவு மின்னழுத்தம்?" என்று கேட்டால் கணக்குப் போட்டுச் சொல்லும். பக்கத்தில் கேட்டால் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. பல மின்னூட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசி வரிசையிலிருந்து அவள் மடிக்கணினியில் தட்டினால், மேஜைமேல் என் முன்னால் இருக்கிற திரையில் எழுத்து வரும், நான் வாசிக்கவேண்டும். இதுதான் ஏற்பாடு. எது பிள்ளைகளுக்கு, எது எனக்கு என்று பிரித்துக்கொள்ள நாங்கள் மறந்துவிட்டோம். "அடுத்து, மின்னூட்டத்தின் இடத்தை உள்ளே குறித்துக்கொள்வோம். அத்தை, கொஞ்சம் மெதுவா. தண்ணி குடிங்க. இதை வாசிக்காதீங்க அத்தை. அத்தை, இதையும் வாசிக்காதீங்க" என்று நிலையத்தில் வாசித்த அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்துவிட்டேன். பிள்ளைகள் அடக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. உங்கள் மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப்போனேன். சிரிப்புச் சத்தம்கூட வரக்கூடாது என்பதற்காகக் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். உங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒருவேளை அதைப் பார்த்துத்தான் வாயை அடைத்தார்கள் என்றாளோ என்னவோ. இன்னொரு நாள் ஒரு பையன், மின்னூட்டம் நிற்கிற அதே இடத்தில் மின்னழுத்தம் எவ்வளவு என்று அதனிடமே கேட்டான். தூரம் பூஜ்யமாகிவிட்டது, பூஜ்யத்தால் வகுக்க முடியாமல் நிரல் திரையில் சிவப்பாக எதையோ எழுதிவிட்டு நின்றுவிட்டது. வாய்ப் பழக்கத்தில், "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்றேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். என்னை உறுத்தியது வேறு. உங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் எழுந்து, "எனக்கு ஒண்ணு புரியல மேடம். எல்லாருக்கும் தெரியற மாதிரி மின்னூட்டத்தோட எண்ணை வெளிய வெச்சா என்ன? எதுக்கு உள்ள மறைச்சு வெக்கணும்?" என்றாள். பதில் திரையில் வந்தது. வாசித்தேன். ஆனால் எந்தச் சொல்லை அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று தெரியாமல் அறிவிக்கிற மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பல்லவியே தெரியாமல் பாட்டைப் பாடி முடித்தவள் போல நான் வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். "ஏம்மா, அந்தப் பொண்ணு கேட்டதுக்கு என்னதான் பதில்? எனக்குச் சொல்லு" என்றேன். அவள் மேஜையில் இருந்த டம்ளர்களை ஓரமாக நகர்த்தினாள். தாளில் எழுதிக் காட்டினாள். உள்ளே இருக்கிற எண்ணை யார் வேண்டுமானாலும் தொட்டு மாற்றலாம் என்று விட்டால், நாளைக்குக் கணக்குத் தப்பாகும்போது யார் மாற்றினார்கள் என்று தேடவே பொழுது போய்விடும். கேட்டால் சொல்வது அந்தப் பொருளின் வேலை. உள்ளே எப்படி வைத்திருக்கிறது என்பது அதன் சொந்த விஷயம். நான் கேட்டேன், "அப்ப கேக்கவே இல்லைன்னா?" அவள் எழுதினாள்: "கேக்கலைன்னா அது பாட்டுக்கு இருக்கும்."

சம்பந்தி, அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டதில்லை. அதைப் பெருமையாக உங்களிடமே சொல்லியிருக்கிறேன். "சாப்பிட்டியாம்மா", "சாவி எங்க அத்தை", "வரேன் அத்தை". இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. அவள் மனதில் இது இருக்கும் என்று நான் ஒன்று ஊகித்துக்கொள்வேன், என் மனதில் இது இருக்கும் என்று அவள் ஒன்று. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மறுநாள் பாடத்தை எனக்கு நடத்துகிறாள். நான் வாயால் கேட்கிறேன், அவள் கையால் பதில் சொல்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்களுக்கு நான் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். அவள் இவ்வளவு வேடிக்கையாக எழுதுவாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. பாடக் குறிப்பின் ஓரத்தில் "இங்கே பயந்துவிடுவார்கள், நிறுத்தி அவர்கள் முகத்தைப் பார்க்கவும்" என்று எழுதியிருப்பாள். நானும் நிறுத்திப் பார்ப்பேன், சொல்லிவைத்த மாதிரி பயந்துபோயிருப்பார்கள். ஒருவருடைய வார்த்தைகளை நாள்தோறும் நம் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தால், அவர் எங்கே தயங்குவார், யாருக்காகத் தயங்குவார் என்பதெல்லாம் நம் மூச்சுக்கே தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

துறைத் தலைவர் வந்த நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று தப்பு செய்தது நான். இரண்டு மின்னூட்டங்களை உருவாக்கவேண்டும். இரண்டும் ஒரே அளவு, ஆனால் ஒன்று நேர், ஒன்று எதிர். ஒவ்வொரு புள்ளியிலும் மின்னழுத்தத்தைக் கேட்டு வண்ணம் பூசினால் திரையில் சிவப்பாக ஒரு மேடும் நீலமாக ஒரு பள்ளமும் வரும். நான் எண்களை வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் தட்டிக்கொண்டே வந்தார்கள். இரண்டாவது மின்னூட்டத்தின் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. எங்கள் நிலையத்துக் குறிப்புகளில் எண்களுக்கு நடுவே எத்தனையோ கோடு இருக்கும், நாங்கள் எதையும் வாசிக்கமாட்டோம். கோட்டை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் கணீரென்று சொன்னேன். அது மைனஸ். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு துறைத் தலைவர் வந்தார். அறை முழுக்கத் திரைகளில் இரண்டிரண்டு சிவப்பு மேடு. பள்ளத்தைக் காணோம். அவர் ஒவ்வொரு திரையாகக் குனிந்து பார்த்தார். "ஒண்ணு பள்ளமா இருக்கணுமே? ஒருத்தருக்குக்கூடவா சரியா வரல?" என்றார். அவள் வேலை என் நாக்கில் அல்லவா இருந்தது.

உங்கள் மகள் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள். என் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு, பலகையில் எழுதினாள்: "இரண்டும் நேர் என்றால் இப்படித்தான் இருக்கும். இப்போது ஒரே ஓர் இடத்தில் ஒரே ஒரு குறியை மாற்றுங்கள். வகுப்பைத் தொடாதீர்கள்." பிள்ளைகள் மாற்றினார்கள். அறை முழுவதும் ஒவ்வொரு திரையாக, ஒரு மேடு அமிழ்ந்து நீலப் பள்ளமாகியது. எழுதி வைத்த கணக்கில் ஒரு வரியும் மாறவில்லை. அந்த ஒரு மின்னூட்டத்தை உருவாக்கிய இடத்தில் மட்டும் ஒரு கோடு. துறைத் தலைவர் மறுபடி குனிந்து பார்த்தார். "இதைத்தான் நான் வருஷா வருஷம் வாயால சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

அப்போதுதான் உங்கள் எதிர்வீட்டுப் பெண் மறுபடி எழுந்தாள். "ரெண்டுக்கும் நட்ட நடுவுல கேட்டா பூஜ்யம்னு சொல்லுது மேடம். அப்ப அங்க ஒண்ணுமே இல்லையா?" இந்த முறை பதிலை முந்தின நாளே சாப்பாட்டு மேஜையில் கேட்டு வைத்திருந்தேன். உங்கள் மகள் தட்டுவதற்குள் நானே சொல்லிவிட்டேன். "பூஜ்யம்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. ஒண்ணோட கணக்கும் இன்னொண்ணோட கணக்கும் கழிஞ்சு போச்சு, அவ்வளவுதான். அந்த இடத்துல ஒரு சின்ன மின்னூட்டத்தக் கொண்டுபோய் வெச்சுப் பாரு. நிக்காது. இழுத்துக்கிட்டுப் போயிடும்." அந்தப் பெண்ணின் முகம் மாறியது. இந்த முறை வெறுமனே தலையை ஆட்டவில்லை. உட்கார்ந்து எதையோ வரைந்து பார்க்க ஆரம்பித்தாள். நான் நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தேன். உங்கள் மகள் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுதான் சம்பந்தி நடந்தது. இதில் நான் யார் வாயை அடைத்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். மருத்துவர் இன்னும் பேச அனுமதி தரவில்லை. போன வாரம் கல்லூரியிலிருந்து நேராக அவளே போய்க் காட்டிவிட்டு வந்தாள், "இன்னும் கொஞ்ச நாள்" என்று பலகையில் எழுதினாள். ஆகையால் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், இப்போதைக்கு நீங்கள் கிளம்பி வரவேண்டாம். வந்தால் நீங்கள் அழுவீர்கள், அவள் பேசிவிடுவாள். அனுமதி கிடைத்ததும் முதல் பேச்சு உங்களோடுதான், அதற்கு நான் பொறுப்பு. மேடையை அவளிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வீட்டில் உட்காரவேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. எனக்கு இந்த ஓட்டம் எல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐயாவுக்கு என் வணக்கம். எதிர்வீட்டுப் பெண் அடுத்த முறை ஊருக்கு வந்தால் அவளைக் கோபித்துக்கொள்ளவேண்டாம், நன்றாகப் படிக்கிறாள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் குறைந்த அழுத்தத்தோடும் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அத்தை

பின்குறிப்பு: மின்னழுத்தக் கணக்கைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்கக் கடிதத்தை உங்கள் மகளிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். பிறகு, "அத்தை, இதுல ஒரு தப்பு இருக்கு" என்றாள்.

எந்த வரியில் என்று கேட்பதற்காகக் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். அவள் எழுதவில்லை, சொன்னாள். பழைய குரல் இல்லை. கொஞ்சம் கனத்து, கீழே இறங்கி, நன்றாக ஊறிய குரல். "போன வாரமே டாக்டர் பேசலாம்னு சொல்லிட்டாரு" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலில், தன் பாடத்தைத் தானே கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டதில் எங்கெங்கே விளங்காமல் எழுதுகிறோம் என்று தெரிந்தது, அதனால்தான் என்றாள். நான் நம்பவில்லை என்று என் முகத்திலேயே தெரிந்திருக்கும். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க தினமும் வந்து எதிர்ல உக்காந்து ஏதாவது கேக்கறீங்க. நான் பேச ஆரம்பிச்சா, கேக்கறத நிறுத்திடுவீங்களோன்னு இருந்துச்சு" என்றாள்.

ஆக, அவள் வாயை யாரும் அடைக்கவில்லை, அவளேதான் அடைத்துக்கொண்டாள். மேலே நான் எழுதிய சமாதானம் ஒன்றும் செல்லாது. நீங்கள் உடனே கிளம்பி வரலாம், வந்து அவளைத் திட்டலாம். எனக்கு வந்த கோபத்துக்கு அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவளும் பயந்துகொண்டு பேசவில்லை. வேலையிலிருந்து வந்த உங்கள் மாப்பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உனக்கும் ஆபரேஷன் பண்ணிட்டாங்களா?" என்கிறான். நாளைக்கு அவள் குரலிலேயே பாடம் என்று பலகையில் எழுதியிருக்கிறாள், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து எங்கே விளங்கவில்லை என்று சொல்லவேண்டுமாம். முடியாது என்று அதன் கீழேயே எழுதிவிட்டேன். நாளைக்குக் கட்டிக்கொண்டு போக என் புடவையைத் தேய்க்கவேண்டியிருப்பதால் இத்துடன் முடிக்கிறேன்.